களியக்காவிளை தாண்டி வந்த சந்தோஷம்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகித் திருவனந்தபுரம் வந்து வருஷம் பல ஓடிவிட்டது. நான் பி.காம். படித்தவன். வரவு செலவு தெரியும், சரித்திரம் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் இந்த ஊர் நவராத்திரியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மகாராஜா சுவாதித் திருநாளின் பாட்டு நமக்குத் தெரியும், அவர் பட்ட பாடு தெரியாது. 1813ல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். 1829ல், 16 வயதில் ஆட்சிப் பொறுப்பு. 1840ல் ஜெனரல் கல்லன் ரெசிடெண்டாக வந்தபின் நிர்வாகத்தில் ஓயாத தலையீடு. பெயருக்கு ராஜா, ஆனால் எதற்கும் வெள்ளைக்கார அதிகாரியின் முகத்தைப் பார்க்க வேண்டும். 1846ல், 33 வயதிலேயே காலமாகிவிட்டார்.

அப்படிப்பட்டவர் விட்டுப் போனது என்ன? ஒன்பது நாளுக்கு ஒன்பது நவராத்திரிக் கிருதிகள். முதல் நாள் சங்கராபரணம், கடைசி நாள் ஆரபி. அவர் சபையில் இருந்த வடிவேலு நம்ம ஊர்க்காரர், தஞ்சை நால்வரில் இளையவர். அவருக்கு 1834ல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார் மகாராஜா. (ஊரை விட்டு வந்தவனுக்கும் மரியாதை உண்டு என்று நான் மனசைத் தேற்றிக்கொள்வது இவரை நினைத்துத்தான்!)

அந்தக் கிருதிகள் இன்றும் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் வருஷா வருஷம் பாடப்படுகின்றன. கைதட்டல் கிடையாது. கச்சேரி கேட்கவென்றே பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி வருகிறாள். அது கம்பர் பூஜித்த சிலை என்பது ஐதீகம். கூடவே வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். சுமார் 55 கிலோமீட்டர், குழித்துறை, நெய்யாற்றின்கரை என்று தங்கித் தங்கி வருவார்கள்.

1956 நவம்பர் 1ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சாமிகள் ஒரு மாநிலம், கொலு மண்டபம் இன்னொரு மாநிலம் என்றானது. அதற்காக யாத்திரை நிற்கவில்லை. களியக்காவிளை எல்லையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்து அனுப்புகிறார்கள்.

இப்போது என் கதை. 2020 ஜூலையில் ஊரில் அப்பா போய்விட்டார். கொரோனா காலம். இ-பாஸ் வாங்கி, களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டி, நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் அவருடைய செருப்பு மட்டும் இருந்தது. திரும்பி வந்தபின் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசிக்கொள்ளவில்லை. துக்க வீடு, அந்த வருஷம் கொலுவும் இல்லை.

அக்டோபரில், வழக்கமான ஆரவாரம் எதுவும் இல்லாமல், சாமிகள் அதே எல்லையைத் தாண்டி வந்தார்கள். கரமனையில் தெரு ஓரமாக முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி நின்றோம். என் சின்னவள் குமாரசுவாமியை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, முருகனுக்கு மாஸ்க் வேண்டாமா?" என்றாள். என் மனைவி சிரித்துவிட்டாள். நானும்தான். மூன்று மாதத்தில் எங்கள் வீட்டு முதல் சிரிப்பு அது. வீட்டுக்கு வந்து அப்பாவைப் பற்றி ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

பாங்க்காரன் புத்திக்குத் தோன்றுவது இதுதான். சந்தோஷம் என்பது ரெக்கரிங் டெபாசிட் மாதிரி. கையில் காசு புரளும்போது கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தால் கட்டவே மாட்டோம். சின்னத் தொகையானாலும் தேதி தவறாமல் கட்ட வேண்டும். கஷ்டத்தில் இருந்த ஒரு ராஜா ஒன்பது நாளுக்குப் பாட்டு எழுதி வைத்தார். யார் யாரோ தவணை தவறாமல் கட்டிக்கொண்டே வந்தார்கள். எனக்கு வேண்டிய நாளில் அது முதிர்ந்து கையில் கிடைத்தது.

ஊரை விட்டு வந்த நம் வீடுகளில் கொலுப்படி மூன்றாகச் சுருங்கியிருக்கலாம், சுண்டல் குக்கரில் வேகலாம். பரவாயில்லை, நிறுத்திவிடாதீர்கள். என்றைக்கு, யாருக்கு உதவும் என்று நமக்குத் தெரியாது.