பரிவு: ஒரு பௌதிகக் கலைச்சொல்லும் அதன் இசைமரபும்

ஈழத்துத் தமிழ்மொழிமூலப் பௌதிகவியற் கல்வியில் ‘பரிவு’ என்பது ஒரு கலைச்சொல். ஒரு பொருள் தனக்கு இயல்பாயமைந்த மீடிறனோடு ஒத்த மீடிறனையுடைய தூண்டலைப் புறத்திலிருந்து பெறும்போது பெருவீச்சத்துடன் அதிர்தலை அது குறிக்கும். ஆங்கிலத்தில் ‘ரெசொனன்ஸ்’ எனப்படும் இந்நிகழ்ச்சியைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘ஒத்ததிர்வு’ என வழங்குகின்றன. ஒன்று நிகழ்ச்சியின் பொறிமுறையைக் கூறுவது. மற்றது மனித உள்ளத்தின் பண்பொன்றைச் சடப்பொருளின்மேல் ஏற்றிக் கூறுவது. ஈழத்துச் சொல்லைக் கவித்துவ மிகையெனக் கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதும், தமிழிசை மரபிலேயே அச்சொல்லுக்கு ஆழமான வேருண்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலிற் சொல்லை நோக்குவோம். பரிதல் என்னும் வினைக்கு அன்பு செய்தல், இரங்குதல், வருந்துதல் எனப் பல பொருள்கள் உள. திருக்குறளில் ‘பரிந்து’ என்பது ஒழுக்கமுடைமையில் வருந்தி முயலுதலையும், நெஞ்சொடுகிளத்தலில் அன்புற்று இரங்குதலையும் உணர்த்துகின்றது. பிறிதொன்றின் பொருட்டுத் தான் அசைவுறுதல் என்பதே இப்பொருள்களை இணைக்கும் இழை எனலாம். அதிராதிருந்த தந்தியொன்று அயலிலுள்ள தந்தியின் ஒலிகேட்டு அதிர்வதற்கு இதனினும் பொருத்தமான பெயர் காண்டல் அரிது.

தமிழிற் கலைச்சொல்லாக்கம் ஓரியக்கமாக உருப்பெற்ற காலத்தில் ஈழத்தவர் பங்கு சிறிதன்று. 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர், விஞ்ஞானப் பட்டதாரியும் பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியருமான சுவாமி விபுலானந்தர். 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. 1960களில் உயர்தர வகுப்பு விஞ்ஞானமும் தாய்மொழியிற் கற்பிக்கப்பட்டபோது அச்சொற்கள் ஏட்டிலிருந்து ஆய்வுகூடத்துக்கு இறங்கின. ஆங்கிலம் கற்பதற்கு வசதியற்ற குடும்பங்களின் பிள்ளைகள் பௌதிகத்தைத் தம் மொழியிற் சிந்திக்கத் தொடங்கிய காலம் அது.

கொக்குவில் போன்ற ஊர்களிற் பயின்ற மாணவர் ‘பரிவு’ என்பதை ஒரு பரிசோதனையின் வாயிலாகவே அறிந்தனர். நீர் நிறைந்த சாடியில் இருபுறமும் திறந்த கண்ணாடிக் குழாயொன்றை அமிழ்த்தி, அதன் வாயருகே 512 ஏட்சு இசைக்கவையை அதிரச்செய்து, குழாயை மெல்ல உயர்த்துவர். நீர்மட்டத்துக்கு மேலுள்ள வளிநிரல் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றரை அணுகும்போது, அதுவரை ஈனமாய்க் கேட்ட ஒலி திடீரெனப் பெருகும். மேலும் 34 சென்ரிமீற்றர் உயர்த்த இரண்டாம் முறையும் பெருகும். இவ்விரு நீளங்களின் வித்தியாசம் அலைநீளத்திற் பாதியாதலின் வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 349 மீற்றர் அளவிற் கிடைக்கும். இது 30 பாகை வெப்பநிலைக்குரிய பெறுமானம்; யாழ்ப்பாணத்துப் பகற்பொழுதுக்கு ஏற்றது. ஆங்கில நூல்களிற் கண்ட 340 வரவில்லையென மாணவர் கவலுற வேண்டியதில்லை.

மேனாட்டு மொழிகளிலும் இப்பொருள் இருவழிகளிற் பெயர் பெற்றது. இலத்தீன் வழிவந்த ‘ரெசொனன்ஸ்’ மீளொலித்தல் என்ற அளவில் நிற்பது. ஒரு தந்தி மற்றொன்றை அசைத்தலைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கிய மற்றொரு தொடரோ, உடனுணர்தல் என்னும் பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. 1638இல் வெளிவந்த நூலிற் கலிலியோ அந்நிகழ்ச்சிக்கு மாயமோ மறைபொருளோ வேண்டாத விளக்கம் தந்தார்: சிறு தூண்டல்கள் தக்க தருணத்தில் மீண்டும் மீண்டும் வந்து சேர்வதனாலேயே பேரசைவு விளைகிறது. 1863இல் எல்மோற்சு தம் உள்ளீடற்ற கோளங்களைச் செவியிற் பொருத்தி, கூட்டொலியில் மறைந்துகிடந்த மேற்றொனிகளைத் தனித்தனியே கேட்டறிந்தார். விளக்கம் மாறியது, உடனுணர்தல் என்ற பெயர் நிலைத்தது. ஈழத்துப் ‘பரிவு’ இவ்விரண்டாம் வழியையே தழுவியது.

ஆயின் அது வெறும் மொழிபெயர்ப்பன்று. சிலப்பதிகாரத்து வேனிற்காதை, யாழ்நரம்புகளின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என நான்காக வகுக்கின்றது. ஐந்தாம் நரம்பு கிளை. நான்காம் நரம்பு நட்பு. இவை யாவும் சமூக உறவுச் சொற்கள் என்பது நோக்கற்பாலது. கிளை என்பது சுற்றம். இவ்வுறவு கற்பனையாகுமா? 200 ஏட்சில் ஒலிக்கும் நரம்பின் மூன்றாம் இசையமும், அதன் கிளையாகிய 300 ஏட்சு நரம்பின் இரண்டாம் இசையமும் 600 என்னும் ஒரே புள்ளியிற் சந்திக்கின்றன. ஒன்றை மீட்ட, மற்றது அப்பொதுமீடிறனிற் பரிவுறும். நட்பில் அச்சந்திப்பு இன்னுஞ் சற்று மேலே நிகழும். 300உம் 400உம் 1200இற் கூடும். செவியால் உறவைக் கண்டவர்கள் அதற்கு உறவுப்பெயரே இட்டனர். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் விபுலானந்தர் இந்நரம்புகளை எண்கணிதத்தால் அளந்து காட்டியமை, பழஞ்சொற்களுக்குப் பௌதிக உள்ளடக்கம் உண்டென்பதை நிறுவிய பெருமுயற்சியாகும்.

தோற்கருவிகளின் நிலை வேறு. பரந்த தோலின் மேற்றொனிகள் இயல்பில் முழுவெண் விகிதத்தில் அமைவதில்லை. அவற்றுக்குக் கிளையும் இல்லை, நட்பும் இல்லை. மிருதங்கத்தின் நடுவே அப்பும் கருஞ்சாந்து அவ்விகிதத்தைத் திருத்திச் சுருதியோடு இயையச் செய்கின்றது என்பதை 1920இல் சி. வி. இராமன் எடுத்துக்காட்டினார். இணுவில், கொண்டாவில், கொக்குவில் எனத் தொடரும் ஊர்களில் தவிலோசை கேட்டு வளர்ந்தோருக்கு, தோலும் சுருதியும் ஒன்றுவது வியப்பன்று. அவ்வியைபைக் கணித்துக் காட்டலாம் என்பதே வியப்பு.

வேனிற்காதையின் அதே இடத்தில் உணர்வுத்தளமும் உண்டு. பிரிவாற்றாத மாதவி யாழேந்தி, கிளையும் பகையும் நட்பும் ஆராய்ந்து பண்ணமைக்கின்றாள். பின் கோவலனுக்கு முடங்கல் விடுக்கின்றாள். அவன் அதனை ஏற்க மறுக்கின்றான். நரம்புகள் பரிவுற்றன; மனிதன் பரிவுறவில்லை. கலையில் உணர்வு பரவும் முறையைப் பழைய உரையாசிரியர் மெய்ப்பாட்டியலில் ஆராய்ந்துள்ளனர். ஒருவனிடத்து எழுந்த உணர்வு காண்போனிடத்துச் சென்றெய்துதலே அவர்கள் கண்ட இலக்கணம். ஆங்கே காண்போனும் வெறும் வெளியாளல்லன். ஏற்கத்தக்க உள்ளம் உடையவன்.

ஈண்டு ஒரு தடையை எழுப்புதல் நியாயமே. பௌதிகப் பரிவுக்கு ஒப்புமை இன்றியமையாதது. மீடிறன் சற்று விலகினும் தந்தி வாளாவிருக்கும். மனிதப் பரிவோ தன்னோடு ஒவ்வாதவரிடத்தும், துன்புறும் அயலாரிடத்தும் செல்லவேண்டியது. தன் இனத்துக்கும் தன் சாதிக்கும் மட்டும் அதிரும் நெஞ்சைப் பரிவுடைய நெஞ்சென்போமா? இவ்வகையில் ‘ஒத்ததிர்வு’ கூறும் நிபந்தனையைப் ‘பரிவு’ மறைத்துவிடுகின்றது என்பது உண்மை. இரசாயனத்திலோ இரு சொற்களும் இடறுகின்றன. பென்சீன் இரு கட்டமைப்புகளிடையே ஊசலாடுவதாக மாணவர் கொள்ளும் பிழைக்கு ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒருங்கே காரணம். அங்கு அசைவே இல்லை. எனினும் எக்கலைச்சொல்லும் தன் பொருளை முற்றும் சுமப்பதில்லை. வரைவிலக்கணம் நிபந்தனையைக் கூறட்டும். பெயர் உறவைக் கூறுதல் போதும்.

மெய்யான இடர் வேறோரிடத்தில் உள்ளது. கொக்குவிலிலிருந்து திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நடந்து செல்லும் தொலைவே. பாடசாலையில் ‘பரிவு’ எனக் கற்ற மாணவர் அத்தொலைவைக் கடந்து விஞ்ஞான பீடத்துட் புகுந்ததும் அச்சொல்லை வாயிலிலேயே விட்டுச்செல்ல நேர்கின்றது. அங்கே போதனைமொழி ஆங்கிலம். ஆய்வுக்கட்டுரையில் ஆளப்படாத கலைச்சொல் பரீட்சை விடைத்தாளோடு முதிர்ச்சியின்றி நின்றுவிடுகின்றது. இன்று வைத்தியசாலைகளில் நாளாந்தம் கேட்கும் எம்.ஆர்.ஐ. என்ற பெயரின் நடுவெழுத்துக் குறிப்பது இப்பரிவையே. 1.5 தெஸ்லா காந்தப்புலத்தில் நம் உடல்நீரின் ஐதரசன் கருக்கள் ஏறத்தாழ 64 மெகாஏட்சு வானொலியலைக்குப் பரிவுறுகின்றன. அப்பரிவின் சமிக்ஞையே படமாகின்றது. உயர்தர வகுப்பில் கண்ணாடிக் குழாயருகே செவிசாய்த்து அச்சொல்லைக் கற்ற ஒருவர், ஆண்டுகள் கழிந்து நோயாளியாய் அப்பொறியினுட் கிடக்கும்போது, அவர் காதில் விழுவன மூன்று ஆங்கில எழுத்துக்கள் மட்டுமே.