முள்ளு இறங்கினாலும் பயப்படணும்: பழைய லாரியின் ஹீட் மீட்டர் கதை

தை, மாசியில அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் வழியா மீமிசல் போற ரோட்டுல வந்தீங்கன்னா, வைக்கோல் ஏத்திக்கிட்டு ஊர்ந்து போற பழைய லாரிகளைப் பார்க்கலாம். பின்னாடி மாட்டிக்கிட்ட கார்க்காரங்க ஹாரன் அடிப்பாங்க. லாரி டிரைவர் கண்ணு கண்ணாடியில இருக்காது. ஸ்டியரிங்குக்குப் பின்னாடி கைக்கடிகாரத்தைவிடக் கொஞ்சம் பெருசா ஒரு வட்டம் இருக்கும். 40, 60, 80, 100, 120 என்று எழுதியிருக்கும். அதுலதான் இருக்கும். அதுக்கு எங்க பக்கம் ஹீட் மீட்டர்னு பேரு.

உங்க கார்ல இது இருக்கான்னு பாருங்க. இப்ப வர்ற பல கார்கள்ல மீட்டரே கிடையாது. நீல விளக்கு, சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். மீட்டர் இருக்கிற பல வண்டிகள்லயும், தண்ணி 80-க்கும் 100-க்கும் நடுவுல எங்க இருந்தாலும் முள்ளு நடுவுலயே நிக்கிற மாதிரி செஞ்சு வச்சிருக்காங்க. முள்ளு ஆடினா ஓட்டுறவங்க பயந்துக்கிறாங்களாம்! பழைய லாரி முள்ளு எல்லாத்தையும் சொல்லிரும். அதனால அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்.

நம்ம பக்கம் மோட்டார் வந்த கதை நூறு வருஷத்துக்கு மேல. 1910-களின் தொடக்கத்தில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். ஆவுடையார்கோவில் அதில் சேராது. பிரிட்டிஷ்காரர் ஆண்ட தஞ்சாவூர் ஜில்லா. (புதுக்கோட்டை மாவட்டம் என்று ஒன்று வந்ததே 1974-ல்.) அந்தக் கால வண்டிகள் பலவற்றில் டாஷ்போர்டில் ஹீட் மீட்டர் கிடையாது. ஃபோர்டு மாடல் டி மாதிரி வண்டிகளில் தண்ணி பம்பும் இல்லை. சூடான தண்ணி தானா மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறி கீழே இறங்கும், அதை நம்பித்தான் ஓட்டம். கொதிச்சா நிறுத்தி, பக்கத்து ஊருணியில மொண்டு ஊத்திக்க வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில்தான் அமெரிக்காவில் பாய்ஸ் என்பவர் மோட்டோமீட்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ரேடியேட்டர் மூடி மேலேயே ஒரு தெர்மாமீட்டர். கண்ணாடிக் குழாயில் சிவப்புக் கோடு ஏறுவது டிரைவர் சீட்டிலிருந்தே தெரியும். அது அளந்தது தண்ணியை இல்லை, தண்ணிக்கு மேலே நிற்கிற ஆவியை. (ஆவுடையார்கோவில் சாமிக்கும் சுடுசோத்து ஆவிதான் நைவேத்தியம். எங்க ஊர்க்காரனுக்கு ஆவியோட மதிப்பைத் தனியாச் சொல்ல வேண்டாம்.) ரேடியேட்டர் மூடி பானெட்டுக்குள்ளே போனதும் இந்த அழகுச் சாமானுக்கு வேலை இல்லாமல் போய், மீட்டர் டிரைவர் முன்னாடி வந்து உட்கார்ந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஜாம்ஷெட்பூரில் டாடா பென்ஸ் லாரி வந்தது 1954-ல். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அந்தத் தலைமுறை டீசல் வண்டிகள்ல புழங்கின ஒரு வகை மீட்டருக்குக் கரண்டே வேண்டாம். இன்ஜின் ஹெட்டில் ஒரு பித்தளைக் குமிழ், அதற்குள் ஈதர். குமிழிலிருந்து தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிச்ச துளையுள்ள செப்புக் குழாய் மீட்டர் வரை போகும். ஈதர் 35 டிகிரிக்கே கொதிக்கிற சரக்கு. தண்ணி சூடேற ஏற ஆவியின் அழுத்தம் கூடும், மீட்டருக்குள் சுருண்டிருக்கிற குழாய் அந்த அழுத்தத்தில் நிமிரப் பார்க்கும், முள்ளு நகரும்.

இந்த வகை மீட்டரை உத்துப் பார்த்தா ஒண்ணு தெரியும். 40-க்கும் 60-க்கும் இடைவெளி நெருக்கமா இருக்கும். 80-க்கும் 100-க்கும் நடுவுல அகலமா இருக்கும். சூடு கூடக் கூட ஆவியின் அழுத்தம் வேகமா ஏறுறதால அப்படி. எந்த இடத்துல நுணுக்கமாப் பார்க்கணுமோ அந்த இடத்துல கோடுகள் தானாவே விலகி நிக்குது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யலை, ஈதரோட குணம் அது. எனக்கு அதுல ஒரு சந்தோஷம்.

அப்புறம் கரண்ட் மீட்டர் வந்தது. கோயம்புத்தூரில் 1970-களில் ஆரம்பிச்ச பிரீமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்ட் கண்ட்ரோல்ஸ் கம்பெனியைத்தான் இன்னைக்கு பிரிகால்னு சொல்றோம். நம்ம நாட்டு வண்டிகளோட மீட்டர்கள்ல பெரும்பங்கு அங்கிருந்து போனது. கரண்ட் மீட்டரில் ஹெட்டில் இருக்கிற சென்சார் சூடாக ஆக அதன் மின்தடை குறையும், கரண்ட் கூடப் பாயும், முள்ளு ஏறும். அதனால ஒயர் அறுந்தா முள்ளு அடியில படுத்துரும். ஒயர் சேசிஸில் உரசினா நேரா சிவப்புக்குப் போயிரும். சில வண்டிகளில் டீசல் முள்ளும் ஹீட் முள்ளும் சேர்ந்தே ஏறும். டேங்கும் நிறையலை, இன்ஜினும் வேகலை, மீட்டருக்குப் போற வோல்டேஜை மட்டுப்படுத்துற பெட்டிதான் கெட்டிருக்கும். இது தெரியாம ரேடியேட்டரைக் கழட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்தவங்க உண்டு.

சரி, முள்ளு சொல்றதை எப்படிப் படிக்கிறது? லோடோட நல்லா ஓடுற வண்டி 75-லிருந்து 95-க்குள்ள நிக்கும். நின்னா ஏறி, ஓடினா இறங்கினா ஃபேன், பெல்ட்டைப் பார்க்கணும். வேகம் கூடக் கூட ஏறினா ரேடியேட்டர் அடைப்பு. எங்க ஊர்ல மலையே கிடையாது, இருந்தும் வண்டி சூடாகுதுன்னா காரணம் பெரும்பாலும் வைக்கோல் தூசி. முதல் கியர்ல வயலுக்குள்ள ஊர்றப்போ காத்தும் இல்லை, ரேடியேட்டர் சல்லடையிலயும் பதர் அடைச்சுக்கும். முன்னாடி இருந்து தண்ணி பீய்ச்சினா இன்னும் உள்ள போகும். இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளணும். வண்டியை நிறுத்தின பிறகு முள்ளு கொஞ்சம் ஏறினா பயப்பட வேண்டாம். பம்ப் நின்னுருச்சு, இரும்புல இருக்கிற சூடு தண்ணிக்கு இறங்குது. அதுக்குத்தான் பழைய டிரைவருங்க ஆஃப் பண்ணாம ரெண்டு நிமிஷம் ஓட விடுவாங்க.

வண்டி எப்பவும் 50-லயே நின்னா சில பேருக்குப் பெருமை. வால்வைக் கழட்டிப் போட்டிருப்பாங்க. 1930-களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் செஞ்ச மெழுகு வால்வு அது; 80 டிகிரி வாக்கில் மெழுகு உருகி விரிஞ்சு தண்ணிக்கு வழி விடும். அது இல்லாத இன்ஜின் சூடேறாமலே ஓடி, டீசல் குடிச்சு, சிலிண்டர் சீக்கிரம் தேயும். நம்ம வெயிலுக்கு வால்வு எதுக்குன்னு கேக்கிற மெக்கானிக்குகளோட எனக்கு ஒத்துப்போகாது.

இதையெல்லாம் விடப் பெரிசு இன்னொண்ணு. 90-ல நின்ன முள்ளு திடீர்னு 50-க்கு இறங்கினா, அப்பாடா வண்டி ஆறிருச்சுன்னு நினைக்கக் கூடாது. குமிழ் தண்ணிக்குள்ள முங்கி இருக்கிற வரைக்கும்தான் அது சொல்றது கணக்கு. ஹோஸ் வெடிச்சுத் தண்ணி வெளியே போயிருந்தா அது காத்துல தொங்கும். ஹெட் வெந்துக்கிட்டிருக்கும், முள்ளு கீழே கிடக்கும். அந்த நேரத்துல ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டினா ஹெட் வளையும், பிஸ்டன் பிடிச்சுக்கும். ஒரு அறுப்புச் சம்பாத்தியம் அதோட போச்சு. உப்புத் தண்ணியும் இதே வேலையைச் செய்யும். கடலோரத்து போர் தண்ணியை வருஷக்கணக்கா ஊத்தினா குமிழைச் சுத்தி வெள்ளையாச் சுண்ணாம்பு கட்டிக்கும். முள்ளு உண்மையைவிடக் குறைச்சும் தாமதமாவும் காட்டும். கண்மாய்த் தண்ணியோ மழைத் தண்ணியோ ஊத்தச் சொல்லி பெரியவங்க சொன்னதுக்கு இதுதான் காரணம்.

முள்ளை டிரைவர் கவனிக்கலைன்னா வேகுறது கிளீனர் கை. பழைய லாரிகளில் தண்ணி ஊத்துறது கிளீனர் வேலை. பதினைஞ்சு, பதினாறு வயசுப் பையனா இருப்பான். அழுத்த மூடி போட்ட ரேடியேட்டர்ல தண்ணி 100-ல கொதிக்காது, 110 வாக்கில்தான் கொதிக்கும். அந்தச் சூட்டுல மூடியைத் திறந்தா அழுத்தம் போயி, உள்ளே இருக்கிற தண்ணி ஒரே நொடியில ஆவியா மூஞ்சிக்கு வரும். ஈரச் சாக்கைப் போட்டு மூடி, தலையை ஒதுக்கி, பாதித் திருகு திருகி நிறுத்தணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. முன்கையில வெளிறின தழும்போட இன்னைக்கும் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கிற பழைய கிளீனருங்களை நான் பார்க்கிறேன். கையை வைக்கலாமா கூடாதான்னு அவங்களுக்குச் சொல்ல அந்த ஒரு முள்ளுதான் இருந்தது. அதுவும் டிரைவர் பக்கம்.

எங்க வீட்டு லாரியிலும் அந்த ஈதர் மீட்டர்தான் இருந்தது. செப்புக் குழாய் ஒரு இடத்துல விரிசல் விட்டா ஈதர் போயிரும், அப்புறம் ஒட்ட வைக்க ஆள் இல்லை. போன வருஷம் கரண்ட் மீட்டருக்கு மாத்தியாச்சு. பழைய மீட்டரைக் கழட்டாம பக்கத்திலேயே விட்டிருக்கோம். முள்ளு 40-க்குக் கீழே படுத்துக் கிடக்கு. புதுசா வண்டி பழகுற பையன்கிட்ட அது செத்துப்போன மீட்டர், அதைப் பார்த்து ஓட்டாதேன்னு முதல் நாளே சொல்லிட்டேன்.