இறகு யாருடையது, எங்கிருந்து வந்தது?

தென் ஆஸ்திரேலியாவில், ஐர் ஏரிக்கு வடக்கே இருக்கிறது கலமுரினா சரணாலயம். அங்கே ஸீப்ரா ஃபின்ச் குருவியின் கூட்டில் ஒரு பச்சை இறகு கிடைத்ததாக 2017இல் செய்தி வந்தது. அது இரவுக்கிளியின் இறகு என்றார்கள். நூறாண்டுக்கும் மேலாக அந்த மாநிலத்தில் உறுதியான தடயமே விடாத பறவை அது.

செய்தி ஏன் அவ்வளவு பெரிதானது என்பதை அறியப் பழைய பதிவுகளைப் புரட்ட வேண்டும். 1861இல் பறவையியலாளர் ஜான் கூல்டு பெயரிட்ட இந்தக் கிளிக்கு உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் மாதிரிகள் 30க்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை 1870களிலும் 1880களிலும் ஆண்ட்ரூஸ் என்பவர் தென் ஆஸ்திரேலியாவில் சேகரித்தவை. 1912க்குப் பிறகு நெடுங்காலம் ஒன்றும் இல்லை. 1990இல் குயின்ஸ்லாந்தின் பூலியா அருகே, சாலையோரத்தில் செத்துக் காய்ந்து கிடந்த ஒரு பறவையை ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள்.

குருவிக் கூட்டில் கிளி இறகு இருந்ததில் வியப்பில்லை. அந்தக் குருவிகள் சுற்றுவட்டாரத்தில் உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கிக் கூட்டுக்குள் மெத்தையிடும். ஆனால் அந்தப் பாலையில் இரவுக்கிளியைப் போலவே பச்சையும் மஞ்சளும் கறுப்புக் கோடுமாக இன்னொரு கிளியும் கூட்டம் கூட்டமாகப் பறக்கிறது. நம்மூர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று கூண்டில் விற்கிறார்களே, அந்த பட்ஜெரிகர்தான்.

நிறத்தை மட்டும் வைத்து இனத்தைச் சொல்லிவிட முடியாது. கிளியின் பச்சை பெரும்பாலும் ஒற்றைச் சாயம் அல்ல. சிட்டகோஃபல்வின் என்ற மஞ்சள் நிறமி கிளிகளுக்கு மட்டுமே உரியது. நீலத்துக்கோ சாயமே கிடையாது; இறகின் கிளையிழைகளுக்குள் இருக்கும் நுண்ணிய பஞ்சு போன்ற கெரட்டின் அமைப்பு ஒளியைச் சிதறடித்து அதை உண்டாக்குகிறது. இரண்டும் சேரும்போது நம் கண்ணுக்குப் பச்சை. ஆகவே நிறமி, 'இது கிளி' என்பதோடு நின்றுவிடும். எந்தக் கிளி என்று அறிய, முதலில் அந்த இறகு உடலின் எந்தப் பகுதியது என்று தீர்மானிக்க வேண்டும். ஒரே பறவையின் முதுகிறகும் மார்பிறகும் வேறு வேறு பறவைகளுடையவை போலத் தோன்றும். பிறகு நீளம், வளைவு, கோடுகள் விழும் இடம் என ஒவ்வொன்றாகப் பழைய தோல் மாதிரிகளின் அதே பகுதியோடு ஒப்பிட வேண்டும். அடிலெய்டில் உள்ள தென் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் அதற்கான மாதிரிகள் இருந்தன. ஒப்பிட்டார்கள், வந்து சேர்ந்த இறகு இரவுக்கிளியுடையதுதான்.

இனம் தெரிந்துவிட்டது. ஆனால் கோப்பு அத்தோடு மூடப்படவில்லை.

சரணாலயத்தை நடத்தும் ஆஸ்திரேலிய வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு, இரவுக்கிளி பற்றிய தன் களப் பதிவுகள் மீது ஐயம் எழுந்ததால் அவற்றை ஆராய வெளி நிபுணர்களை அமர்த்தியது. அவர்களுடைய அறிக்கை 2019இல் வெளியானது. அதில் என்னை நிறுத்தி வைத்த பகுதி இறகைப் பற்றியது: கூட்டில் எடுத்த படத்தில் இருக்கும் இறகும் அருங்காட்சியகத்துக்கு வந்த இறகும் ஒன்றல்ல. கலமுரினா பதிவை அமைப்பே திரும்பப் பெற்றுக்கொண்டது.

இடையில் என்ன நடந்தது என்று ஊகிக்க நான் விரும்பவில்லை. இறகை அடையாளம் கண்டவர்கள் மீதும் எனக்குக் குறையில்லை. அவர்கள் கையிலிருந்த பொருளைப் பற்றி அவர்கள் சொன்னது சரி. இறகின் அடித்தண்டிலிருந்து மரபணு எடுத்திருந்தாலும் அதே இனப்பெயர்தான் வந்திருக்கும். எந்தக் கூட்டில், எந்த நாளில் என்பதை மரபணுவில் தேட முடியாது. அதைத் தாங்கியிருந்தது அந்தப் படம் ஒன்றுதான். இந்தக் கோப்பிலேயே மதிப்புமிக்க ஆவணமாக அதைத்தான் நான் கருதுகிறேன்.

தவறான இடத்தில் ஒரு பறவையைக் குறித்துவிட்டால், அருகிப்போன அந்த இனத்துக்கான பணமும் உழைப்பும் அங்கே போய்விடும். அதனால்தான் 2024இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெருமணற்பாலையிலிருந்து வந்த ஆய்வை நான் மிகுந்த நம்பிக்கையோடு படித்தேன். நுருர்பா பழங்குடி வனக்காவலர்களும் அறிவியலாளர்களும் 31 இடங்களில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்தார்கள்; குரல் எந்த இடத்தில் பதிவானது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. 17 இடங்களில் இரவுக்கிளியின் குரல் பதிவானது. அங்கே 50 பறவைகள் வரை இருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு.