காலை ஒன்பது மணிப் பனி: பிரிட்டனின் பனி நோக்கர்கள்

பிரிட்டனின் தாழ்நிலங்களில் குளிர்காலத்தில் வெண்பனி விழுமா என்பது எக்காலத்திலும் ஐயத்திற்குரிய கேள்வியாகவே இருந்துவந்துள்ளது. லண்டன் நகரம் கனடாவின் கல்கரி நகரத்தின் அட்சரேகையை ஏறத்தாழ ஒட்டியே அமைந்திருந்தாலும், அட்லாண்டிக் பெருங்கடலின் மிதவெப்ப நீர்ப்பரப்பைக் கடந்துவரும் மேற்குக் காற்று அந்தத் தீவின் குளிரைத் தணித்துவிடுவதால், மேகத்தில் பனிப்படிகமாக உருவாவது தரையைத் தொடுமுன் உருகி மழையாகிவிடுவதே அங்கு வழக்கம். தரையை ஒட்டிய காற்று இன்னும் இரண்டு டிகிரி குளிர்ந்திருந்தால் அதே மழை வெண்பனியாக விழும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில், மழையும் பனியும் கலந்த 'ஸ்லீட்' விழும். உருகும் படிகங்கள் சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், காற்றின் வேகம் குறைந்த இரவுகளில் பலத்த மழை சில மணி நேரம் நீடித்தாலே காற்று உறைநிலையை நோக்கிக் குளிர்ந்து, மழை பனியாக மாறிவிடுவதும் உண்டு. ஆறு மாதம் பனி மூடிக்கிடக்கும் நாடுகளில் பனி என்பது நகராட்சியின் துப்புரவுக் கணக்கில் சேரும் விஷயம். அது வருமா வராதா என்று தெரியாத நாட்டில்தான் அதற்காகக் கண்விழித்துக் காத்திருக்கும் கூட்டம் உருவாகும். பிரிட்டனில் அந்தக் கூட்டத்திற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு என்பதும், நாட்டின் பனிப் பதிவுகளில் பெரும்பகுதியை ஊதியம் பெறாத அந்தக் கூட்டமே எழுதிவைத்தது என்பதும் கவனிக்கத்தக்கவை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பாதிரியார்களும் நிலக்கிழார்களும் ஆவர். ரட்லண்ட் பகுதியிலுள்ள லிண்டன் என்னும் ஊரில் தாமஸ் பார்க்கர் 1736 முதல் 1798 வரை மழையை அளந்து எழுதிவந்தார். அவருடைய மைத்துனரும், ஹாம்ப்ஷயரிலுள்ள செல்போர்ன் ஊரின் பாதிரியாருமான கில்பர்ட் ஒயிட், 1789இல் வெளிவந்த தம் நூலில் 1776ஆம் ஆண்டு ஜனவரிப் பனியையும் 1784ஆம் ஆண்டு டிசம்பர்ப் பனியையும் விரிவாக விவரித்தார். 1784 டிசம்பரில் பெரும்பனி விழுந்தபின் வானம் தெளிந்த இரவுகளில் அவர் இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டிருந்தார். ஒன்றில் பாதரசம் அளவுக்கோடுகளையெல்லாம் தாண்டி அடிக்குமிழுக்குள்ளேயே இறங்கிவிட, மற்றொன்று பாரன்ஹீட் பூச்சியத்திற்கும் ஒரு டிகிரி கீழே, அதாவது இன்றைய சென்டிகிரேடு கணக்கில் சுமார் மைனஸ் 18 டிகிரியைக் காட்டியது. செல்போர்னைவிட மேட்டிலிருந்த நியூட்டன் என்னும் பக்கத்து ஊரிலோ குளிர் அவ்வளவு கடுமையாக இல்லை என்று செய்தி வந்தது. உயரமான இடம்தான் கூடுதலாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணிய ஒயிட், அவ்வூர் வெப்பமானி பழுதுபட்டது என்று கருதித் தம் கருவிகளில் ஒன்றை அங்கு அனுப்பி ஒப்பிடச் செய்தார். இரண்டும் ஒரே அளவையே காட்டின. அந்த இரவில் மேட்டு ஊர் பள்ளத்து ஊரைவிட 18 பாரன்ஹீட் டிகிரி வெதுவெதுப்பாக இருந்தது உறுதியாயிற்று. காற்றசைவற்ற தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் வந்து தேங்குகிறது என்னும் உண்மை, நூலறிவால் அன்றி, நம்பாமல் சரிபார்த்த ஒருவரின் பிடிவாதத்தால் இவ்வாறு பதிவாயிற்று. பனி நோக்கர்களின் மரபில் ஒயிட்டுக்கு உரிய இடம் அவருடைய உரைநடைக்காக மட்டும் தரப்பட வேண்டியதன்று.

தனித்தனி நாட்குறிப்புகளாகச் சிதறிக்கிடந்த இந்தப் பழக்கத்தை நாடு தழுவிய ஏற்பாடாக மாற்றியவர் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ். வணிக வாரியத்தின் வானிலைப் பிரிவில் சில காலம் பணியாற்றிய அவர், 1860ஆம் ஆண்டின் மழைக் கணக்கை 168 இடங்களிலிருந்து திரட்டி வெளியிட்டார். அவர் 1900இல் மறைந்தபோது அந்த எண்ணிக்கை 3,000ஐத் தாண்டியிருந்தது. பிரிட்டிஷ் மழைப்பொழிவு அமைப்பு என்று பெயர்பெற்ற இந்த வலைப்பின்னலின் நோக்கர்கள் கூலி வாங்காததோடு, தத்தம் செலவில் மழைமானி வாங்கி, அமைப்பின் அச்சுச் செலவுக்கும் நன்கொடை அளித்தனர். இவ்வளவு பெரிய அறிவியல் முயற்சி அரசின் ஊதியமின்றி நடந்தது என்பது அக்காலத்துக்கும் வியப்பான செய்தியே.

ஆயினும் மழைக்கென அமைந்த கருவி பனிக்குப் பொருந்தவில்லை. காற்றடிக்கும்போது பனித்துகள்கள் மழைமானியின் வாயைத் தாண்டிப் பறந்துவிடும். விழுந்தவையும் விளிம்புவரை நிரம்பியபின் வெளியே சிதறும். இதனைத் தடுக்க, புனலுக்கு மேல் ஆழமான விளிம்பு வைத்த 'ஸ்னோடன்' வகை மழைமானி பயன்பாட்டுக்கு வந்தது. அதுவும் போதாத நாட்களுக்கு வேறு வழிகள் வகுக்கப்பட்டன: காற்று குவிக்காத சமதளத்தில் மழைமானியின் வாயைக் கவிழ்த்து அழுத்தி, அதனுள் அகப்பட்ட பனியை உருக்கி அளப்பது ஒன்று, பனியின் ஆழத்தை அளவுகோலால் அளந்து, ஓர் அடிப் பனி ஓர் அங்குல மழைக்குச் சமம் என்று கொள்வது மற்றொன்று. பின்னது நோக்கர்களுக்கு எளிதாக இருந்தது. ஆனால் உலர்ந்த தூள்பனிக்கும் ஈரம் நிறைந்த கனத்த பனிக்கும் உள்ள வேறுபாட்டை அது அடியோடு மறைத்துவிட்டது. 1881 ஜனவரி 18 அன்று தென் இங்கிலாந்தைத் தாக்கிய பனிப்புயலின்போது இக்குறைகள் அனைத்தும் ஒருசேர வெளிப்பட்டன: ஒரு வீட்டின் ஒரு பக்கத்தில் தரை தெரிய, மறுபக்கத்தில் பனி ஆளுயரத்திற்கும் மேல் குவிந்த நிலையில், 'இவ்வூரில் எவ்வளவு பனி பெய்தது' என்னும் கேள்விக்கு நேர்மையான விடை தருவது அரிதாயிற்று.

இந்தச் சிக்கலிலிருந்துதான் பனி நோக்கர்களின் அடிப்படை விதி பிறந்தது. பனி விழுந்த நாளும் பனி தரையில் தங்கிய நாளும் வெவ்வேறாக எண்ணப்படலாயின. சில துகள்களே விழுந்தாலும் அது பனி விழுந்த நாள். காலை ஒன்பது மணிக்கு நோக்கரின் சுற்றுப்புறத் தரையில் பாதிக்கு மேல் பனி மூடியிருந்தால் மட்டுமே அது பனி தங்கிய நாள். பின்னிரவில் பெய்து எட்டு மணிக்குள் உருகிய பனி, ஊரார் எத்தனை பேர் கண்டிருந்தாலும், இந்த இரண்டாம் கணக்கில் சேராது. விதி கடுமையானதுதான், ஆனால் ஆழத்தைத் துல்லியமாக அளக்க இயலாத ஒரு பொருளை ஆண்டுக்காண்டு ஒப்பிட வேறு எளிய வழி இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இருவர் இந்தத் துறைக்கு உருவம் தந்தனர். லியோ கிளாட் வாலஸ் பொனசினா 1876 முதல் தொடங்கும் பிரிட்டிஷ் பனிப்பொழிவு வரலாற்றைக் குளிர்காலம் குளிர்காலமாகத் தொகுத்து, ஒவ்வொன்றையும் பனி குன்றியது, நடுத்தரமானது, பனி மிகுந்தது, மிகப் பனி மிகுந்தது என்னும் வகைகளில் அடக்கினார். இந்தப் பகுப்பு பெருமளவு அவருடைய சொந்த மதிப்பீட்டைச் சார்ந்தது என்று குறைகூறுவோர் உண்டு. எனினும், அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே மனிதர் ஒரே கண்ணோட்டத்தோடு மதிப்பிட்டிருப்பதால், அந்த மதிப்பீட்டில் உள்ள சாய்வுகூட ஒரே பக்கச் சாய்வாக இருக்கும் என்று நம்ப இடமுண்டு. ஆட்சியும் கருவியும் மாறிக்கொண்டே இருந்த அலுவலகப் பதிவுகளுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

மற்றவர் கார்டன் மேன்லி (1902–1980). புவியியல் பேராசிரியரான இவர், மத்திய இங்கிலாந்தின் மாத வெப்பநிலையை 1659 வரை பின்னோக்கிக் கொண்டுசென்ற நெடுந்தொடருக்காகவே இன்று பெரிதும் அறியப்படுகிறார். ஆனால் அவருக்கு மிகவும் பிடித்த இடம் பென்னைன் மலைத்தொடரிலுள்ள கிரேட் டன் பெல் என்னும் குன்று. 1930களின் பிற்பகுதியில் அங்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் ஒரு சிறு குடிலில் கருவிகளை நிறுவி, சூறைக்காற்றிலும் பனியிலும் ஏறிச்சென்று அளவெடுத்தார். பள்ளத்தாக்கு நிலையங்களின் பதிவுகள் மலைப்பனியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதை அங்கு உணர்ந்த அவர், 1937இல் பிரிட்டன் பனி அளவாய்வைத் தொடங்கினார். மலை ஏறவேண்டிய தேவையே இல்லாமல் அமைந்ததுதான் இந்த ஆய்வின் சிறப்பு: பள்ளத்தாக்கில் வாழும் நோக்கர் காலையில் தம் வாசலிலிருந்து எதிர்மலையை நோக்கி, எந்த உயரம்வரை பனி இறங்கியுள்ளது என்று குறித்தாலே போதும். கருவி ஏதும் வேண்டாத இந்த ஏற்பாட்டைப் பின்னர் வானிலை அலுவலகம் ஏற்று நடத்தியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்காட்லாந்து மலைகளின் பனியைப் பற்றி இன்று அறியப்படுவதில் பெரும்பகுதி இந்த வாசற்படிக் குறிப்புகளிலிருந்து வந்ததே.

1947ஆம் ஆண்டுக் குளிர்காலம் இந்த நோக்கர்களுக்குக் கிடைத்த முதல் பெருஞ்சோதனை. ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை நாட்டின் ஏதேனும் ஒரு பகுதியில் நாள்தோறும் பனி விழுந்தது. நிலக்கரி ஏற்றிய ரயில்கள் பனிக்குவியல்களில் சிக்கி, போரினால் நலிந்திருந்த நாட்டில் மின்வெட்டு ஏற்பட்டது. 1962 டிசம்பர் 26இல் தொடங்கி மார்ச் முதல் வாரம்வரை நீடித்த அடுத்த பெருங்குளிர், மேன்லியின் தொடரின்படி, 1740க்குப் பிந்தையவற்றுள் மிகக் கடுமையானது. 1963 ஜனவரியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 2.1 டிகிரி. அந்தக் குளிரைச் சிறுவயதில் கண்ட தலைமுறையினர் பலர் பின்னாளில் பனி ஆர்வலர்களாயினர் எனக் கொள்வது தவறாகாது. தனி நோக்கர்கள் தங்கள் மாதப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்வதற்கான வானிலை நோக்கர் இணைப்பு என்னும் அமைப்பு 1970இல் உருவானது.

இதற்கிடையே காத்திருத்தலின் முறையும் மாறியிருந்தது. காற்றழுத்தம் 1000 மில்லிபார் உள்ள மட்டத்திற்கும் 500 மில்லிபார் உள்ள மட்டத்திற்கும் இடைப்பட்ட காற்றடுக்கின் தடிமனை வானிலையாளர்கள் கணக்கிடுவர். குளிர்ந்த காற்று சுருங்குவதால், தடிமன் குறையக் குறையப் பனிக்கான வாய்ப்பு கூடும். 5,280 மீட்டர் தடிமனைக் குறிக்கும் '528 கோடு' வரைபடங்களில் பனியின் எல்லையாகக் கொள்ளப்பட்டு, ஆர்வலர்களின் அன்றாடப் பேச்சிலும் நுழைந்தது. அது முழு நம்பிக்கைக்கு உரியதன்று. கோட்டின் தென்புறம் பனி விழுந்ததும், வடபுறம் மழை கொட்டியதும் பலமுறை நிகழ்ந்தன. 1964இல் சி. ஜே. பாய்டன் பனியை முன்கணிக்கும் அளவுகோல்களை ஒப்பிட்டு ஆராய்ந்ததும் இதன்பொருட்டே. இரவில் தெருவிளக்கின் ஒளிவட்டத்தை ஜன்னல் வழியே உற்றுநோக்கி, விழுவது துளியா துகளா என்று முடிவுசெய்யும் பழைய வழக்கம் வரைபடங்கள் வந்தபின்னும் கைவிடப்படவில்லை.

பொதுமக்களின் கவனம் ஆண்டில் ஒரே நாளில்தான் பனியின்மேல் குவிந்தது. கிறிஸ்துமஸ் அன்று பனி விழுமா என்பதன்மீது பந்தயம் கட்டப்படுவதால், வானிலை அலுவலகம் அதற்கு ஒரு வரையறை வகுக்க நேர்ந்தது: டிசம்பர் 25ஆம் நாளின் 24 மணி நேரத்திற்குள் ஒரே ஒரு பனித்துகள் விழுவது காணப்பட்டாலும் போதும். பனியே இல்லாத தரையையும் 'வெள்ளைக் கிறிஸ்துமஸ்' ஆக்கும் இந்த வரையறை சூதாட்டத்திற்கு உகந்ததே அன்றி அறிவியலுக்கு உகந்ததன்று. 2010இல் 83 சதவீத நிலையங்களில் தரையில் பனி கிடந்தது போன்ற கிறிஸ்துமஸ் மிக அரிது. 1752இல் நாட்காட்டியிலிருந்து 11 நாட்கள் நீக்கப்பட்டபோது கிறிஸ்துமஸ் குளிர்காலத்தின் தொடக்கத்தை நோக்கி நகர்ந்ததால் பனி வாய்ப்பு மேலும் குறைந்தது. 1812இல் பிறந்த சார்லஸ் டிக்கன்ஸின் இளமைக் காலத்துக் குளிர்ந்த குளிர்காலங்களே அவர் கதைகளின் வழியாகப் பனி மூடிய கிறிஸ்துமஸை இயல்பானதாகத் தோன்றச் செய்தன.

கோடையின் இறுதிவரை உருகாமல் எஞ்சும் பனித்திட்டுகளைத் தேடுவது ஸ்காட்லாந்தில் வளர்ந்த தனிக்கிளை. பிரேரியாக் மலையின் வடகிழக்கு நோக்கிய குடைவில் 'ஸ்பிங்க்ஸ்' எனப்படும் திட்டு 1933இல் முழுவதும் உருகியபோது, ஸ்காட்லாந்து மலையேறிகள் சங்கத்தார் அதை 'டைம்ஸ்' நாளிதழுக்கு எழுதித் தெரிவிக்கத்தக்க அதிசயமாகக் கருதினர். இனி அவ்வாறு நிகழ்வது அரிது என்றும் கருதினர். ஆடம் வாட்சன் (1930–2019) முதலியோர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து எழுதிய குறிப்புகளின்படி அது மீண்டும் 1959, 1996, 2003, 2006 ஆகிய ஆண்டுகளில் மறைந்தது. 2017, 2018 என அடுத்தடுத்தும், 2021இலிருந்து தொடர்ச்சியாகச் சில ஆண்டுகளும் மறைந்துவருகிறது. எஞ்சிய திட்டுகளின் ஆண்டுக் கணக்கை இன்றும் தன்னார்வலர்களே இலையுதிர் காலத்தில் மலையேறி எடுத்து, வானிலைக் கழகத்தின் இதழில் கட்டுரையாக வெளியிடுகின்றனர்.