பூனா ஒப்பந்தம்

1932 செப்டம்பர் 24 அன்று ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் தலைவர் அம்பேத்கர் தரப்பும் சாதி இந்துத் தலைவர்களும் எரவாடா சிறையில் செய்துகொண்ட உடன்பாடு. மனமொப்பிய சமரசத்துக்கும் நெருக்கடியில் பெறப்பட்ட இசைவுக்கும் இடையிலான எல்லையை ஆராய்வோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இது.

பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டின் வகுப்புவாரித் தீர்ப்பு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் அவர்கள் மட்டுமே வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதிகளை அளித்தது. பொதுத் தொகுதியிலும் அவர்கள் வாக்களிக்கலாம். இந்து சமூகம் பிளவுபடும் என்று எதிர்த்த காந்தி, எரவாடா சிறையில் செப்டம்பர் 20 முதல் உண்ணாவிரதம் இருந்தார். சென்னை மாகாணத்தின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தலைவர் எம். சி. ராஜா, எல்லோரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதியை முன்பே ஆதரித்திருந்தார். அம்பேத்கர் தனித்தொகுதியைக் கைவிட்டார். ஈடாக மாகாண சபைகளில் ஒதுக்கீடு ஏறத்தாழ இருமடங்காகி 148 இடங்களானது.

எண்ணிக்கையில் அது இழப்பல்ல. ஆனால் காந்தி இறந்திருந்தால் பழியும் வன்முறையும் சேரிகள்மீதே விழுந்திருக்கும். பட்டினி கிடந்தவர் தம்மையே வருத்திக்கொண்டார் என்பதால் மட்டும் அது வற்புறுத்தல் அல்ல என்றாகிவிடாது. மறுக்கும் உரிமை ஏட்டளவில் இருந்தது. மறுப்பின் விலையைச் செலுத்த வேண்டியவர்களோ பேச்சு நடந்த அறையில் இல்லை. 1945இல் வெளியிட்ட நூலில் அம்பேத்கர் அந்த உண்ணாவிரதத்தைக் கடுமையாகக் கண்டித்தார்.