கலாம் (இறைப் பண்பு)

கலாம் என்பது அல்லாஹ்வின் ‘பேசுதல்’ என்னும் பண்பைக் குறிக்கும் அரபுச் சொல். அறிவு, நாட்டம், ஆற்றல் முதலியவற்றோடு அஷ்அரி இறையியல் நெறியார் எண்ணும் ஏழு பண்புகளுள் ஒன்று. இறைவன் பேசினான் என்பதில் பெரும்பாலான பிரிவினருக்கு ஐயமில்லை. மூஸா நபியுடன் பேசியதைக் குர்ஆனே (4:164) சொல்கிறது. ‘கலீமுல்லாஹ்’ என்ற பட்டம் அவருக்கு அதனால் வந்தது. வழக்கெல்லாம் பேச்சு என்றால் என்ன என்பதில்தான்.

ஒலியும் எழுத்துமே பேச்சு என்றனர் முஃதஸிலா என்னும் இறையியல் பிரிவினர். ‘பிஸ்மில்லாஹ்’ என்னும்போது ‘பா’ ஒலித்து ஓய்ந்த பிறகே ‘ஸீன்’ வருகிறது. முன்பின் உள்ளது அநாதியாக இருக்க முடியாது. ஆகவே குர்ஆன் படைக்கப்பட்டது. மூஸா கேட்டதும் மரத்தில் இறைவன் படைத்த ஓர் ஒலியே. இறைவனோடு இன்னொன்றும் அநாதி என்றால் ஏகத்துவம் என்னாவது என்பது அவர்கள் கவலை.

இந்த நுட்பமான வாதத்தை அரசாணையாக்கியவர் அப்பாஸியக் கலீஃபா மஃமூன். 833இல் பக்தாதின் காழிகளையும் (நீதிபதிகள்) அறிஞர்களையும் விசாரிக்க உத்தரவிட்டார். ‘மிஹ்னா’ எனப்படும் சோதனைக் காலம் அது. பலர் தலையசைத்துத் தப்பினர். அஹ்மத் இப்னு ஹன்பல் மறுத்தார். குர்ஆன் அல்லாஹ்வின் பேச்சு, படைக்கப்பட்டதன்று என்பதில் உறுதியாக நின்று, அடுத்த கலீஃபா முஃதஸிம் காலத்தில் கசையடி பட்டார். 847இல் ஆட்சிக்கு வந்த முதவக்கில் சோதனையை நிறுத்தினார். அத்துடன் தகராறு தீரவில்லை. ஓதுபவர் நாவின் உச்சரிப்பு படைக்கப்பட்டதா என்ற கிளைக் கேள்வியால் ஹதீஸ் தொகுப்பாளர் இமாம் புகாரியே நிஷாப்பூரை விட்டு வெளியேற நேர்ந்தது.

அஷ்அரி (இறப்பு 936) எதிர்வாதத்தை ‘குன்’ (ஆகு) என்ற சொல்லிலிருந்து தொடங்கினார். எதையும் ‘ஆகு’ என்று சொல்லியே படைக்கிறான் என்றால், அச்சொல்லைப் படைக்க இன்னொரு ‘ஆகு’ வேண்டும்; அதற்கு மற்றொன்று; முடிவே இராது. அவர் நெறியில் பேச்சு என்பது ஒலியற்ற உட்பொருள் (கலாம் நஃப்ஸி). எழுத்தும் ஓசையும் அதைச் சுட்டுபவை. பிற்கால இறையியலாளர் தஃப்தாஸானியின் உவமை இங்கே பொருத்தம்: ‘நெருப்பு’ என்று நாவால் சொல்கிறோம், பேனாவால் எழுதுகிறோம், அதனால் சுடும் பொருள் ஒலியாகவோ எழுத்தாகவோ ஆகிவிடுவதில்லை.

அப்படியானால் தூர் மலையில் மூஸாவின் காதில் விழுந்தது எது? அந்த அநாதிப் பேச்சே என்றார் அஷ்அரி. உட்பொருள் வரை அவரோடு ஒத்துப்போன சமர்கந்தின் மாத்துரீதி, அதைச் சுட்டும் படைக்கப்பட்ட ஒலியே என்றார். பேச்சுப் பண்பு அநாதி, ஆனால் தான் நாடியபோது ஒலியோடு பேசுகிறான் என்பது பிற்கால இப்னு தைமிய்யாவின் (1263–1328) முடிவு.