குற்றவாளி பல்லா, கிருமியா?

குன்றத்தூர் என்றதும் சேக்கிழார் பெருமானும், அவர் எடுப்பித்த திருநாகேசுவரமும், குன்றின்மேல் நிற்கும் முருகனுமே நம் நினைவுக்கு வருவர். இன்று அதே ஊரில் ஒரு பல்மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆயினும் 'சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் போட்டால் தொல்லை விட்டது' என்ற பேச்சு நம்மிடையே இன்னும் மறையவில்லை. இது பாமரர் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவ உலகமே ஒருகாலத்தில் இப்படித்தான் பேசிற்று.

பற்களில் நுண்ணுயிர்களை முதலில் கண்டவர் ஹாலந்தின் லேவன்ஹூக். தம் பல்லின் அழுக்கைச் சுரண்டி உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின், பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான மில்லர், வாய் நுண்ணுயிர்களைப் பற்றி 1890இல் ஒரு பெருநூலே செய்தார். இதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

1910இல் மான்ட்ரியல் நகரில் வில்லியம் ஹன்டர் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் ஆற்றிய உரைதான் திருப்புமுனை. அழுகிய வேர்களின்மேல் பொன்னால் உறையும் பாலமும் கட்டுவதை அவர் கடுமையாகச் சாடினார். வாயிலுள்ள சீழே உடலெங்கும் நோய் பரப்புகிறது என்றார். சாடியதில் நியாயம் இருந்தது. அதைப் பின்பற்றியோரிடம் அளவு இருக்கவில்லை. மூட்டுவலிக்குப் பல், சோர்வுக்குப் பல் என்று, நல்ல பற்களையும் சேர்த்துப் பிடுங்கும் வழக்கம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல ஆண்டுகள் நீடித்தது. எத்தனை வாய்கள் வீணே பொக்கையாயின என்று எண்ணும்போது நமக்கு மனம் கனக்கிறது.

உண்மைக் குற்றவாளியைப் பிரித்துக் காட்டியது 1965இல் வெளியான ஓர் எலிச் சோதனை. ககெஹாஷியும் அவர்தம் தோழர்களும் எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டனர். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகிச் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்கோ, காயத்தின்மேல் புதிய பல்திசு பாலம்போல் வளர்ந்து மூடிற்று!

அப்படியானால், வேர்ச் சிகிச்சை செய்து அடைத்த பின்னும் சில பற்கள் ஆறாதது ஏன்? ஜூரிச் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராமச்சந்திரன் நாயரின் குழு 1990இல் இதற்கு விடை தந்தது. ஆறாத ஒன்பது வேர்நுனிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்ததில், நான்கில் பாக்டீரியாவும் இரண்டில் ஈஸ்ட் பூஞ்சையும் இருந்தன. அத்தனையும் வலியே காட்டாத பற்கள்.

இங்கே நம் உடலின் செயலும் வியப்புக்குரியது. செத்த கூழில் குருதியோட்டம் இல்லை. ஆகவே வெள்ளணுக்கள் வேர்க்கால்வாய்க்குள் நுழைய இயலாது. வேர்நுனிக்கு வெளியே அவை அரண் அமைக்கின்றன. அவை சுரக்கும் இன்டர்லூக்கின் முதலிய சமிக்ஞைப் பொருள்கள் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டுகின்றன. எக்ஸ்ரே படத்தில் வேரடியில் தெரியும் கருநிழல், கிருமி தின்ற குழியன்று. நம் செல்களே கரைத்த எலும்பு. உள்ளே இருப்பவை வெளிவராமலும், வெளியே இருப்பவை உட்புகாமலும் இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம்.

இத்தகைய பற்களில் அடிக்கடி கிட்டிய கிருமி எண்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ். கால்வாய்க்குள் மருத்துவர் வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு வேறெதுவுமன்று, நாம் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பின் முதற்பொருளே. அதன் காரம் பி.எச். 11.1 அளவில் இருந்தும் இக்கிருமி தாங்கிற்று, 11.5இல் மடிந்தது என்று 2002இல் ஓர் ஆய்வு கண்டது. பல்லின் உட்சுவரில் அந்த உச்சக் காரம் எட்டுவது அரிது. ஆனால் இது ஒன்றே காரணமென்பதைப் பிந்திய மரபணு ஆய்வுகள் ஏற்கவில்லை. பல இனங்கள் கூடி வாழும் உயிர்ப்படலமே உண்மைப் பகை என்கின்றன.

சென்னை ஆய்வாளர் சிலர் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலாவை இக்கிருமியின் உயிர்ப்படலத்தின்மீது சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டனர். திரிபலா நன்றாகவே வேலை செய்தது. எனினும் முதலிடம் 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கே கிடைத்தது. சோதனையும் ஆய்வகத்தில் நடந்ததேயன்றி நோயாளியின் வாயில் அன்று. கடுக்காயின் பெருமையை மேடைதோறும் முழங்குவோர் இப்பின்பாதியை மட்டும் ஏனோ சொல்வதேயில்லை.